டி.ஓ.வா, எம்.டி.யா?

அமெரிக்காவில் மருத்துவராக இரண்டு பட்டங்கள் உண்டு. விரும்பிய துறைக்குப் போக எது வழிவிடும்?

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், அக்டோபர் தொடங்கி ஏப்ரல் முடியும்வரை வேறு பேச்சு இருக்காது. நேர்காணலுக்குக் கூப்பிட்டார்களா, இடம் கிடைத்ததா, காத்திருப்போர் பட்டியலா என்பதே பேச்சு. அந்த மாதங்களில் பல குடும்பங்கள் ஒரு முடிச்சில் மாட்டிக்கொள்கின்றன. எம்.டி. கல்லூரிகள் பொதுவாக அக்டோபர் நடுவில்தான் இடம் கொடுக்கவே தொடங்கும். அதன் பிறகும் குளிர்காலம் முழுக்கக் காக்கவைக்கும். அதற்குள் ஒரு டி.ஓ. கல்லூரி, 'உங்களுக்கு இடம் உண்டு, இந்தத் தேதிக்குள் முன்பணம் கட்டுங்கள்' என்று எழுதிவிடும். ஆயிரம், இரண்டாயிரம் டாலர். கட்டினால் பெரும்பாலும் திரும்பி வராது. பிள்ளைக்கோ எலும்பு அறுவை சிகிச்சையில் ஆசை. டி.ஓ. படித்தால் அது கிடைக்குமா? எம்.டி.க்காக இன்னும் ஓர் ஆண்டு காத்திருப்பதா?

இதற்கு இரண்டு பதில்கள் உலவுகின்றன. 'இரண்டும் ஒன்றுதான், கவலையே வேண்டாம்' என்பது ஒன்று. 'டி.ஓ. இரண்டாந்தரம், அந்தப் பக்கமே போகாதே' என்பது இன்னொன்று. இரண்டையும் நம்பக் கூடாது. சட்டத்தின் முன் இரு பட்டங்களும் சமம். பெரும்பாலான துறைகளில் நடைமுறையிலும் ஏறத்தாழச் சமம். ஐந்தாறு துறைகளில் மட்டும் சமம் இல்லை. அங்கே இடைவெளி பெரிது. அந்த இடைவெளிக்குக் காரணம் பட்டத்தின் எழுத்துகள் மட்டும் அல்ல, கல்லூரிக்குப் பின்னால் நிற்கும் மருத்துவமனையும்தான்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இந்தியாவில் எம்.டி. என்பது எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் படிக்கும் முதுநிலைப் பட்டம். அமெரிக்காவில் அதுவே அடிப்படை மருத்துவப் பட்டம். நான்காண்டு இளநிலைப் படிப்பு, எம்கேட் நுழைவுத் தேர்வு, அதன் பின் நான்காண்டு மருத்துவக் கல்லூரி; முடித்தால் கையில் எம்.டி. அல்லது டி.ஓ. இவற்றில் எம்.டி. தரும் கல்லூரிகளைத்தான் அங்கே அலோபதி கல்லூரிகள் என்கிறார்கள். டி.ஓ. என்பது ஆஸ்டியோபதி மருத்துவர் பட்டம். பேரைக் கேட்டதும் ஹோமியோபதி, சித்தா போல வேறொரு மருத்துவ முறை என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க டி.ஓ. மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம், ஐம்பது மாநிலங்களிலும் முழு உரிமத்தோடு தொழில் பார்க்கலாம். வெள்ளை மாளிகையில் டிரம்ப்பின் மருத்துவராக இருந்த ஷான் கான்லி, பைடனுக்கு மருத்துவம் பார்த்த கெவின் ஓ'கானர் இருவருமே டி.ஓ.க்கள். இன்று அந்நாட்டு மருத்துவ மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் டி.ஓ. கல்லூரியில் படிக்கிறார்.

மூன்று பிள்ளைகளை இழந்த தகப்பன்

இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் இன்றைய தயக்கங்களும் புரியும். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், 1828-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். எல்லைப்புற ஊர்களில் மருத்துவம் பார்த்தவர். 1864-ல் மூளைக்காய்ச்சல் பரவியபோது அவருடைய மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அன்றைய மருத்துவத்தின் கையில் இருந்தவை பாதரச உப்பு, அபின், சாராயம், ரத்தம் வடித்தல். அவற்றால் ஒரு பிள்ளையைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை என்ற வேதனையில் அவர் வேறு வழி தேடினார். எலும்பும் தசையும் நரம்பும் ரத்த ஓட்டமும் ஒன்றோடொன்று இணைந்தவை, உடலுக்குத் தன்னைத் தானே சீராக்கிக்கொள்ளும் ஆற்றல் உண்டு, மருத்துவரின் கை அதற்கு உதவலாம் என்ற தன் கொள்கையை 1874-ல் அறிவித்தார். 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களுக்கும் இடம் கொடுத்தார்.

அவருடைய கொள்கை அத்தனையும் காலத்தில் நிலைக்கவில்லை. நிலைக்காதவற்றை ஆஸ்டியோபதிக் கல்லூரிகளே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு, மருந்தியலையும் அறுவை மருத்துவத்தையும் முழுமையாகச் சேர்த்துக்கொண்டன. ஆனாலும் எம்.டி. உலகம் அவர்களை நெடுங்காலம் வெளியிலேயே நிறுத்தியது. 1962-ல் கலிஃபோர்னியாவில் நடந்தது விசித்திரமான கதை. 65 டாலர் கட்டி, ஒரு குறுகிய பயிற்சியில் உட்கார்ந்தால் போதும், டி.ஓ. பட்டத்தை எம்.டி. ஆக்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஏறத்தாழ 2,000 பேர் மாற்றிக்கொண்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரியே எம்.டி. கல்லூரி ஆனது, இன்று அர்வைனில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் வேர் அதுதான். புதிதாக டி.ஓ. உரிமம் தருவதையும் அந்த மாநிலம் நிறுத்திவிட்டது. 1974-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே மறுபடி கொடுத்தது. 65 டாலரில் மாற்றிக்கொள்ளும் அளவுக்குத்தான் இரு படிப்புகளுக்கும் வேறுபாடு இருந்தது என்றால், அத்தனை ஆண்டுப் புறக்கணிப்புக்கு நியாயம் ஏது? இந்தக் கேள்வியை அந்தப் பேரம் தன்னையறியாமல் ஊர் அறியப் போட்டு உடைத்துவிட்டது.

அதற்குள் மற்ற கதவுகளும் திறந்துகொண்டன. 1966-ல் ராணுவம் டி.ஓ.க்களை மருத்துவ அதிகாரிகளாக ஏற்றது. 1973-ல் கடைசி மாநிலமான மிசிசிப்பியும் முழு உரிமை தந்தது. மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகம் எம்.டி. கல்லூரி, டி.ஓ. கல்லூரி இரண்டையும் ஒரே குடையின்கீழ் நடத்துகிறது. நம் மக்கள் நிறையப் பேர் வாழும் நியூஜெர்சியில் ரோவன் பல்கலைக்கழகமும் அப்படியே.

மேட்ச் என்னும் வாசல்

பட்டம் வாங்கினால் மட்டும் ஒருவர் இதய மருத்துவரோ தோல் மருத்துவரோ ஆகிவிட முடியாது. மருத்துவமனை ஒன்றில் ரெசிடென்சி பயிற்சி வேண்டும். குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், பொது மருத்துவத்துக்கு மூன்று ஆண்டு. மனநலத்துக்கும் மயக்கவியலுக்கும் நான்கு. எலும்பு அறுவையான ஆர்த்தோவுக்கும் பொது அறுவைக்கும் ஐந்து. நரம்பியல் அறுவைக்கு ஏழு. அந்த இடங்களைப் பங்கிடுவது 'மேட்ச்'. மாணவர் தமக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவார்; மருத்துவமனை தனக்குப் பிடித்த மாணவர்களை வரிசைப்படுத்தும்; கணினி இரண்டையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்லும். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உறை பிரியும். வந்த முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். இதன் கணக்கைச் செப்பம் செய்த ஆல்வின் ராத்துக்கு 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

2020-க்கு முன் டி.ஓ.க்களுக்கு என்றே தனி ரெசிடென்சிகளும் தனி மேட்சும் இருந்தன. 2014-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 2015 முதல் 2020 வரை படிப்படியாக எல்லாம் ஒரே அங்கீகார அமைப்பின்கீழ் வந்தன. இது டி.ஓ.க்களுக்குப் பெரிய வெற்றி என்று கொண்டாடப்பட்டது. பெருமளவு உண்மை. ஆனால் ஒரு விலையும் இருந்தது. டி.ஓ.க்களுக்கு மட்டும் என்றிருந்த ஆர்த்தோ, காது-மூக்கு-தொண்டை, தோல் மருத்துவ இடங்களுக்கு எம்.டி. மாணவர்களும் இப்போது விண்ணப்பிக்கலாம். அந்தச் சின்னத் திட்டங்களில் சில, புதிய விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூடப்பட்டன.

2025 மேட்ச் எண்களைப் பாருங்கள். இறுதியாண்டு எம்.டி. மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. டி.ஓ. மாணவர்களில் 92.6 சதவீதம். ஒரு சதவீதம்தான் வேறுபாடு. கல்லூரி விளம்பரங்கள் இந்த எண்ணோடு நின்றுவிடுகின்றன. நாம் நிற்கக் கூடாது. இது எந்தத் துறையில் இடம் கிடைத்தது என்று சொல்லும் எண் அல்ல. ஏதோ ஒரு துறையில் கிடைத்தது என்று சொல்லும் எண். தனக்கு ஆர்த்தோ கிடைக்காது என்று மூன்றாம் ஆண்டிலேயே ஆலோசகர் சொல்லக் கேட்டு, மனத்தை மாற்றிக்கொண்டு குடும்ப மருத்துவத்துக்கு விண்ணப்பித்த மாணவரும் இந்த 92.6-க்குள் வெற்றியாகவே எண்ணப்படுகிறார். ஆசைப்பட்டதை விட்டவர்களின் கணக்கு எந்தப் பட்டியலிலும் வராது.

எந்தத் துறைக்கு எவ்வளவு தடை?

குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், மனநலம், அவசர சிகிச்சை, நரம்பியல், உடலியக்க மறுவாழ்வு மருத்துவம் ஆகியவற்றில் டி.ஓ. என்பதால் தயங்க வேண்டியதே இல்லை. டி.ஓ. மருத்துவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்ப, பொது, குழந்தை மருத்துவம் பார்ப்பவர்கள். அதனால் அத்துறைகளின் பயிற்சித் தலைவர்களிலேயே பலர் டி.ஓ.க்கள். மயக்கவியலும் கதிரியக்கவியலும் சில ஆண்டுகளாகப் போட்டி கூடிய துறைகள். நல்ல மதிப்பெண் உள்ள டி.ஓ. மாணவருக்கு அவையும் எட்டும். பொது அறுவை அதற்குச் சற்று மேலே.

தோல் மருத்துவம், பிளாஸ்டிக் அறுவை, நரம்பியல் அறுவை, காது-மூக்கு-தொண்டை, ஆர்த்தோ: இந்த ஐந்தில்தான் நிலைமை மாறுகிறது. பிளாஸ்டிக் அறுவையிலும் நரம்பியல் அறுவையிலும் ஓர் ஆண்டில் நுழையும் டி.ஓ.க்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தோல் மருத்துவத்திலும் காது-மூக்கு-தொண்டையிலும் அதைவிடக் கொஞ்சம் மேல், முன்பு டி.ஓ.க்களுக்கு என்றே இருந்த திட்டங்கள்தான் அங்கே பெரும்பாலும் கைகொடுக்கின்றன. ஆர்த்தோவின் கதை வேறு. மிஷிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா மாநிலங்களில் பழைய ஆஸ்டியோபதி மருத்துவமனைகளில் வேரூன்றிய ஆர்த்தோ திட்டங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. எலும்பையும் தசையையும் முதலிலிருந்தே கையால் தொட்டுப் படித்தவர்கள் என்ற மதிப்பும் அங்கே உண்டு. ஆண்டுக்கு நூறு பேர் அளவில் டி.ஓ.க்கள் அந்தத் துறைக்குள் போகிறார்கள். மொத்த இடங்கள் ஏறத்தாழ 900. ஆகவே ஆர்த்தோ ஆசை உள்ள பிள்ளைக்கு டி.ஓ. வழி அடைபட்டுவிடவில்லை, குறுகலானது, அவ்வளவே. பிளாஸ்டிக் அறுவைக்கு அதே வார்த்தையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கண் மருத்துவமும் சிறுநீரக அறுவையும் இந்தப் பெரிய மேட்சில் சேராதவை. அவற்றுக்குத் தனி மேட்ச் உண்டு; முடிவுகளும் முன்னதாகவே வந்துவிடும். அங்கேயும் டி.ஓ.க்களுக்குப் பாதை குறுகல்தான்.

பெற்றோர் பெரிதும் கவனிக்காத ஒரு பாதை இருக்கிறது. இதயம், குடல்-ஈரல், புற்றுநோய் மருத்துவம் எல்லாம் நேரே போகும் துறைகள் அல்ல. மூன்றாண்டு பொது மருத்துவம் முடித்து, அதன்பின் ஃபெலோஷிப் என்ற மேற்பயிற்சி வழியாகப் போக வேண்டியவை. ஆகவே 'கார்டியாலஜிஸ்ட் ஆக வேண்டும், டி.ஓ. படிக்கலாமா?' என்று கேட்பவருக்குப் பதில், 'படிக்கலாம். ஆனால் பொது மருத்துவ ரெசிடென்சியை முடிந்தவரை பல்கலைக்கழக மருத்துவமனையில் பிடி' என்பதே. அந்த இரண்டாவது போட்டியில், எந்தப் பட்டம் என்பதைவிட எங்கே பயிற்சி பெற்றாய் என்பதற்கே அதிகம் மதிப்பு.

இன்னொன்று. இன்றைக்கு அடித்துப் பிடிக்கும் துறை, இன்று சேரும் மாணவர்கள் படித்து முடிக்கும்போது அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். புற்றுநோய்க் கதிர்சிகிச்சை ஒரு காலத்தில் எட்டாக்கனி. 2019 வாக்கில் அங்கே இடங்கள் காலியாகக் கிடந்தன. அவசர சிகிச்சையில் 2023-ல் மட்டும் 554 இடங்கள் முதல் சுற்றில் நிரம்பவில்லை. கல்லூரிக்குள் நுழைந்த பிறகு பெரும்பாலான மாணவர்கள் முதலில் சொன்ன துறையை மாற்றிக்கொள்கிறார்கள் என்பதும் உண்மை. பதினெட்டு வயதில் தோன்றிய ஆசையை மட்டும் வைத்து நான்கு ஆண்டுப் படிப்பையும் இரண்டு லட்சம் டாலர் கடனையும் தீர்மானிப்பது சரியில்லை. அதேசமயம், ஆசையே பொருட்டில்லை என்று தள்ளுவதும் சரியில்லை.

கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் மருத்துவமனை

கடினமான துறைகளில் டி.ஓ. மாணவர் பின்தங்குவதற்கு முதல் காரணம் முன்முடிவு. சில பயிற்சித் திட்டங்கள் டி.ஓ. விண்ணப்பங்களை இன்றும் பார்ப்பதில்லை. விண்ணப்பதாரர்களை வடிகட்டும்போது பட்டத்தின் பெயரையே வடிகட்டியாக வைத்துக்கொள்கின்றன. இது அநியாயம். ஒரே அங்கீகார அமைப்பு வந்து ஆண்டுகள் ஆன பிறகும் தொடரும் அநியாயம்.

ஆனால் முன்முடிவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் பாதி உண்மையை மறைத்தவர்கள் ஆவோம். தோல் மருத்துவம் விரும்பும் ஒரு மாணவி, பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையோடு ஒட்டிய எம்.டி. கல்லூரியில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டிலேயே மாடி ஏறிப் போனால் தோல் மருத்துவத் துறை இருக்கும். பேராசிரியரைப் பார்க்கலாம், ஆராய்ச்சியில் சேர்ந்துகொள்ளலாம், இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் கட்டுரைகளில் பெயர் வந்துவிடும். நான்காம் ஆண்டில் நாடறிந்த பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் எழுதுவார். தோல், நரம்பியல் அறுவை, பிளாஸ்டிக் அறுவைத் துறைகளில் இடம் பிடித்த எம்.டி. மாணவர்கள் விண்ணப்பத்தில் காட்டிய ஆய்வுக் கட்டுரைகள், மாநாட்டு உரைகள் எல்லாம் சேர்த்துச் சராசரியாகவே 20-க்கு மேல்.

பெரும்பாலான டி.ஓ. கல்லூரிகளுக்கு அப்படியொரு சொந்த மருத்துவமனை கிடையாது. முதல் இரண்டு ஆண்டு வகுப்பறை. மூன்றாம் ஆண்டில், துறை துறையாக மாறிப் பயிலும் ரொட்டேஷனுக்கு ஊர் ஊராகச் சமூக மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள். அங்கே நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள், நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் வாய்ப்பு சில வேளை பெரிய மருத்துவமனைகளைவிட அதிகமாகவே கிடைக்கும். பொதுவான மருத்துவராக அது அருமையான பயிற்சி. ஆனால் தோல் மருத்துவத் துறை இருக்காது, ஆராய்ச்சி இருக்காது, பரிந்துரை எழுதுபவரை மற்ற ஊரில் யாருக்கும் தெரியாது. ஆகவே டி.ஓ. மாணவர் நான்காம் ஆண்டில் தன் செலவில் மூன்று, நான்கு ஊர்களுக்குப் போய், விரும்பும் மருத்துவமனையில் ஒரு மாதம் வேலை பார்த்துத் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படி வந்து வேலை பார்த்தவரை நேரில் தெரிந்துகொண்டு இடம் கொடுத்த ஆர்த்தோ திட்டங்கள் நிறைய. ஆர்த்தோவில் மாணவர் தனக்கு உண்மையிலேயே விருப்பமான 30 திட்டங்களுக்கு 'சிக்னல்' அனுப்பும் முறையும் வந்திருக்கிறது. டி.ஓ.க்களை முன்பு எடுத்திருக்கும் திட்டங்களைத் தேடிப் பிடித்து அந்த முப்பதைச் செலவிடுவதில்தான் சாமர்த்தியம்.

தேர்வு முறையில் வந்த ஒரு மாற்றமும் டி.ஓ.க்களுக்கு நெருக்கடி கொடுத்திருக்கிறது. எம்.டி. மாணவர் எழுதும் உரிமத் தேர்வு யு.எஸ்.எம்.எல்.இ.; டி.ஓ. மாணவர் எழுத வேண்டியது காம்லெக்ஸ். முன்பெல்லாம் டி.ஓ. மாணவர் யு.எஸ்.எம்.எல்.இ. முதல் கட்டத்தையும் விரும்பி எழுதி, 250-க்கு மேல் மதிப்பெண் வாங்கி, 'என் பட்டத்தைப் பார்க்காதீர்கள், இந்த எண்ணைப் பாருங்கள்' என்று சொல்ல முடிந்தது. 2022 ஜனவரியிலிருந்து அந்தத் தேர்வில் மதிப்பெண் இல்லை. தேர்ச்சி, தோல்வி மட்டுமே. மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கத்தான் இந்த மாற்றம். விளைவு என்ன? பேர் பெற்ற கல்லூரியில் படிக்காத பிள்ளைக்குத் தன்னை நிரூபிக்க இருந்த ஓர் ஆயுதம் போய்விட்டது. இப்போது மிச்சம் இருப்பது இரண்டாம் கட்டத் தேர்வான ஸ்டெப் 2 சி.கே.யின் மதிப்பெண். போட்டி மிகுந்த துறைக்குப் போக நினைக்கும் டி.ஓ. மாணவர் காம்லெக்ஸோடு இதையும் எழுதத்தான் வேண்டும். காம்லெக்ஸே போதும் என்று திட்டங்களின் அறிவிப்பில் இருந்தாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். ஒரே பாடத்துக்கு இரண்டு நாள் முழுத் தேர்வு, இரண்டு கட்டணம், இரண்டு மடங்கு தயாரிப்பு. இந்தக் கூடுதல் சுமையைக் கல்லூரியில் சேரும் முன்பே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டி.ஓ. பாடத்திட்டத்தில் ஏறத்தாழ 200 மணி நேரம் கையால் செய்யும் சிகிச்சைக்குப் போகிறது. மூட்டு, தசை, முதுகெலும்பைத் தொட்டறிந்து சீர்செய்யும் பயிற்சி. 1999-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, கீழ் முதுகுவலிக்கு இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் அளவுக்கே குணம் கண்டதாகவும், அவர்களுக்குக் குறைவான மருந்தே தேவைப்பட்டதாகவும் சொன்னது. மண்டை ஓட்டு எலும்புகளை மெல்ல அழுத்தும் முறைக்கோ அப்படி நம்பத்தக்க சான்று இல்லை. அதைப் பாடத்தில் இன்னும் வைத்திருப்பது டி.ஓ. கல்லூரிகளுக்குப் பெருமை சேர்க்கவில்லை. விளையாட்டு மருத்துவம், மறுவாழ்வு மருத்துவம், குடும்ப மருத்துவம் விரும்புகிறவருக்கு இந்தக் கைப்பயிற்சி வாழ்நாள் சொத்து. தன் கையால் நோயாளியைத் தொடத் தயங்காத மருத்துவர்கள் எங்கும் தேவைப்படுகிறார்கள்.

பணமும் விசாவும்

டி.ஓ. கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். படிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 50,000, 60,000 டாலர் என்று போகும். தங்கல், சாப்பாடு தனி. இதுவரை மாணவர்கள் கிராட் பிளஸ் என்ற அரசுக் கடனை நம்பி, முழுச் செலவையும் கடனாக வாங்கிக்கொண்டார்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று அரசுக் கடனுக்கு வரம்பு. மீதிக்குத் தனியார் வங்கிதான். வட்டியும் அதிகம், பின்னாளில் சலுகையும் கிடையாது. ஆகவே சொந்த மாநில அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால், அது டி.ஓ.வாக இருந்தாலும், அந்தக் கட்டண வேறுபாட்டைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஃபோர்ட் வர்த்தில் உள்ள டெக்சாஸ் ஆஸ்டியோபதிக் கல்லூரி அரசுக் கல்லூரி. டெக்சாஸ்வாசிகளுக்குக் கட்டணம் தனியார் கல்லூரிகளின் பாதிகூட வராது. குடும்ப மருத்துவம் விரும்பும் டெக்சாஸ் மாணவர் அதை விட்டுவிட்டு, தொலைதூரத்தில் ஒரு விலையுயர்ந்த எம்.டி. கல்லூரிக்குப் போவது எனக்குப் புரியாத முடிவு.

நம் குடும்பங்களில் பலருக்கு இன்னொரு தடை உண்டு. பச்சை அட்டை வராமல், பெற்றோரைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகளை ஏராளமான மருத்துவக் கல்லூரிகள், எம்.டி. ஆனாலும் டி.ஓ. ஆனாலும், சேர்ப்பதே இல்லை. சேர்க்கும் கல்லூரிகளில் சில, நான்காண்டுக் கட்டணத்தையும் முன்கூட்டியே ஒதுக்கிவைக்கச் சொல்லும். அரசுக் கடனும் கிடையாது. இந்தப் பிள்ளைகளுக்கு எம்.டி.யா டி.ஓ.வா என்பதற்கு முன்னால் விசாக் கேள்விதான் வருகிறது. விண்ணப்பக் கட்டணத்தை இறைக்கும் முன் ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு

எம்.டி., டி.ஓ. இரண்டிலும் இடம் கிடைத்து, கட்டணமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், எம்.டி.யில் சேருங்கள். பின்னால் மனம் எந்தத் துறைக்குத் திரும்பினாலும் தடை குறைவு. டி.ஓ.வில் மட்டும் இடம் கிடைத்திருக்கிறது, விருப்பமும் முதலில் சொன்ன பொதுவான துறைகளில் ஒன்று என்றால், ஒரு நாளும் வீணாக்காமல் சேருங்கள். உறவினர் என்ன நினைப்பார்கள் என்பதற்காக ஓராண்டை இழக்காதீர்கள். அந்த ஓராண்டு, பின்னாளில் ஒரு மருத்துவரின் முழு ஆண்டுச் சம்பளம்.

கஷ்டமான முடிவு, டி.ஓ. இடம் கையில் இருக்க, தோல் மருத்துவமோ நரம்பியல் அறுவையோ தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று நிற்கும் மாணவருக்குத்தான். காத்திருந்து எம்.டி.க்கு மறுபடி முயலலாம். ஆனால் எம்.டி.யில் சேர்வோரின் எம்கேட் சராசரி 511-512 அளவில் நிற்கிறது, டி.ஓ.வில் 503-504 அளவு. அந்த எட்டு மதிப்பெண்ணைக் கூட்ட முடியும் என்று நேர்மையாகச் சொல்ல முடிந்தால் மட்டும் காத்திருங்கள். கிடைத்த இடத்தை விட்டதற்குக் காரணம் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. அடுத்த ஆண்டு எம்.டி.யும் இல்லை, டி.ஓ.வும் இல்லை என்று போவதும் நடக்கக் கூடியதே. ஆர்த்தோ ஆசைக்காக டி.ஓ. இடத்தை விட வேண்டாம் என்பதே என் எண்ணம்.

'எம்.டி. என்ற எழுத்துதானே வேண்டும்' என்று கரீபியத் தீவுக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 மேட்சில், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அமெரிக்கக் குடிமக்களில் இடம் கிடைத்தவர்கள் 67.8 சதவீதம். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வருகிறவர்கள் போன்ற பிறநாட்டு மருத்துவர்களுக்கு 58 சதவீதம். டி.ஓ.வுக்கு 92.6. அந்த இரண்டு எழுத்துகளுக்காக இந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

பிற்காலத்தில் அமெரிக்காவுக்கு வெளியே தொழில் பார்க்கும் எண்ணம் இருந்தால், போகும் நாட்டின் மருத்துவக் கவுன்சிலிடம் முன்கூட்டியே கேளுங்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆஸ்டியோபாத் என்றால் மருந்து எழுதாத கைச்சிகிச்சையாளர். அமெரிக்க டி.ஓ. அவர் அல்ல என்பதை அங்கே ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கடந்த ஐந்து ஆண்டு மேட்ச் பட்டியல். சேர்ந்தவர்களில் நான்கே ஆண்டில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர். மூன்றாம் ஆண்டு ரொட்டேஷன் எந்த ஊரில், எந்த மருத்துவமனையில். பட்டியலில் 'சர்ஜரி' என்று போட்டிருந்தால் அது முழு ஐந்தாண்டு இடமா, ஓராண்டு மட்டுமே தரும் பிரிலிமினரி இடமா என்று பிரித்துக் கேளுங்கள். ஓராண்டு இடம் கிடைத்தவர் இன்னும் அறுவை மருத்துவர் ஆகவில்லை. உங்கள் பிள்ளை விரும்பும் துறைக்கு அந்தக் கல்லூரியிலிருந்து போனவர் ஒருவரையாவது தொலைபேசியில் பிடித்துப் பேசச் சொல்லுங்கள். பேசுகிறவர் பிள்ளையாகவே இருக்கட்டும், நீங்கள் பேசாதீர்கள். இவற்றுக்கு நேரான பதில் தரும் கல்லூரிக்கு, அது எந்தப் பட்டம் தந்தாலும், நம்பிப் பணம் கட்டலாம். மழுப்பும் கல்லூரிக்கு வேண்டாம்.